மடக்கிய குடை

மழையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் குடை விரிக்கக் கூடாது. துணியின் மேல் விழும் துளியின் ஓசை காதுக்கு ஒரு சாண் மேலேயே இருக்கும். அதைத் தாண்டி, காட்டில் எது கத்தினாலும் கேட்காது. நானும் என் மனைவியும் கிண்டிக் காட்டுக்குப் போகும்போது குடை எடுத்துப்போவோம். பஸ் நிறுத்தத்திலிருந்து காட்டின் வாசல் வரை அது விரிந்திருக்கும். வாசலைத் தாண்டியதும் மடக்கிவிடுவோம். அதன் பிறகு நனைவதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உள்ளே பேசுவதில்லை. சத்தம் கேட்டவர் ஆள்காட்டி விரலை உயர்த்த வேண்டும். மற்றவருக்கும் கேட்டிருந்தால் அவரும் உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் திசை காட்டுவது. இது அவள் கொண்டுவந்த வழக்கம். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன் மாட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், வெளியூர் லைன் கிடைத்ததும் பக்கத்தில் இருப்பவளுக்கு இப்படி ஒரு விரல் காட்டுவார்களாம்.

நான் ஒரு தினசரியில் உதவி ஆசிரியர். என் பிழைப்பு கண்ணால் நடந்தது, அவளுடையது காதால். "ஒருத்தர் போனை எடுத்து மூச்சு விட்டாலே எந்தப் பக்கத்துக்காரங்கன்னு சொல்லிடுவேன்" என்பாள். "கோபாலபுரத்துக்காரங்க நிறுத்தி நிறுத்திப் பேசுவாங்க. தி. நகர் கடைக்காரங்க, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நம்பரைச் சொல்லிட்டு, ஏன் இன்னும் லைன் வரலைன்னு சண்டைக்கு வந்துடுவாங்க." காட்டிலும் எப்போதும் அவள் விரல்தான் முதலில் எழும். என்னுடையது எழ நேரமாகும். பல நாள் எழுவதே இல்லை. அவள் காட்டிய திசையில் நான் தேடிக் கண்டுபிடிப்பேன். இருவருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர், மூர் மார்க்கெட்டில் வாங்கியது. ஒரு கண்ணாடியில் கீறல் உண்டு.

அரசாங்கம் சாராயக் கடைகளை மறுபடி திறந்துவிட்ட வருஷம் அது. கோடையில் அவளுக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. ஒரு நாள் கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், டிபி என்றார்கள். மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த நெஞ்சு டாக்டர் முதலில் பொடியும் மாத்திரையும் கொடுத்தார். பொடி அவள் வயிற்றில் நிற்கவில்லை. விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி வரும். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் ஊசிக்கு மாற்றினார். தினம் ஒன்று, ஸ்ட்ரெப்டோமைசின்.

முதல் ஊசிக்கு முன்னால் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இது நெஞ்சைக் காப்பாத்தும். ஆனா சில பேருக்குக் காதைத் தொட்டுடும். ரீங்காரம் வரும். மெல்லிசான சத்தமெல்லாம் முதல்ல போகும். நடந்தா தள்ளாடும். எது வந்தாலும் அன்னைக்கே வந்து சொல்லணும், நிறுத்திடலாம். போன காது திரும்பி வராதும்மா."

"நிறுத்திட்டு?" என்றாள்.

"பழையபடி பொடிதான்."

"அது எனக்கு நிக்கலையே டாக்டர்."

"அதான் கஷ்டம்" என்றார் அவர்.

அவளுடைய அக்கா இதே நோயில் போனவள். அப்போது இந்த ஊசி நம் ஊருக்கு வந்திருக்கவில்லை. என் மனைவி அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். அக்கா படுத்திருந்த அறையின் சன்னலுக்கு வெளியே நின்று தினமும் பார்த்தவள். இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

ஊசி பலித்தது. ஆவணி முடிவதற்குள் இருமல் அடங்கியது. முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. பொங்கல் வரைக்கும் ஊசியைத் தொடர வேண்டும், அதன் பிறகு வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். எக்ஸ்சேஞ்சில் நீண்ட மருத்துவ லீவு முடிந்து சேருகிறவர்களுக்கு நெஞ்சையும் பார்ப்பார்கள், காதையும் பார்ப்பார்கள். காதில் குறையிருந்தால் லைன் இணைக்கும் பலகைக்கு முன்னால் உட்காரவிட மாட்டார்கள்.

காலையில் மரக்காற்று வாங்கலாமா என்று கேட்டோம். தாராளமாக என்றார். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு முதல் பஸ் பிடித்து மறுபடி காட்டுக்குப் போகத் தொடங்கினோம். இதில் எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. மெல்லிய சத்தம் முதலில் போகும் என்றால், அதைச் சோதிக்க இந்தக் காட்டைவிட நல்ல இடம் எது? பூக்கொத்தி என்று ஒரு குருவி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது பறக்கும்போது ஊசியால் கண்ணாடியைத் தட்டியதுபோல ஒரு ஒலி வரும். வடக்கேயிருந்து வரும் இலைக்குருவிகளின் குரலும் அப்படி மெலிந்ததுதான். அவை கத்தி, அவள் விரல் எழும்வரை பயமில்லை. புரட்டாசி முழுக்க எழுந்தது. நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு மழை வந்தது.

சென்னையில் காட்டுப் பறவைகளைப் பார்க்க நல்ல காலம் மழைக்காலம்தான். மலைக்காடுகளில் இருக்க வேண்டியவை அப்போதுதான் இங்கே வந்து இறங்குகின்றன. ஆனால் பார்ப்பது கடினம். சொட்டும் துளி பட்டு ஒவ்வொரு இலையும் அசைகிறது. அசைவதெல்லாம் பறவையாகத் தெரிகிறது. பைனாகுலரில் ஆவி படிகிறது. வால்குருவியின் நீண்ட வெள்ளை வால் நனைந்து, நைந்த நாடாவைப்போலத் தொங்குகிறது. செந்தலைப் பூங்குருவி உண்ணிப் புதருக்கு அடியில் ஈரச் சருகைப் புரட்டிப்போட்டபடி முதுகைக் காட்டிக்கொண்டே நகர்கிறது, தலையைக் காட்டுவதில்லை. கண் பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை காதுடையது.

ஐப்பசியில் அவள் விரல் எழுவது குறைந்தது. மழையில் எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. இலைகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. அதனால் அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. நடக்கும்போது மரத்தைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பாதை முழுக்கச் சேறு, நானும் இரண்டு தடவை வழுக்கினேன். ஆக, டாக்டர் எச்சரித்த இரண்டு அறிகுறிகளுக்குமே மழை ஒரு காரணம் வைத்திருந்தது.

காட்டு வாசலில் ஒரு காவலாளி இருந்தார். சாக்கை மடித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்திருப்பார். எங்களைக் கண்டால் அவருக்கு வேடிக்கை.

"இன்னா சார், இன்னிக்கும் வந்துகினியா? மழைல மான்கூட வெளியே வர்லே. புடிக்கவும் மாட்றே, சுடவும் மாட்றே, அந்தக் குருவியைப் பாத்து இன்னாதான் பண்றே?"

"பாக்கறதுதான்."

"பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போறது."

"நல்ல பொயப்பு நைனா" என்பார்.

ஒரு நாள் நாங்கள் திரும்பி வரும்போது, என் பின்னால் வந்துகொண்டிருந்தவளைப் பார்த்துச் சிரித்தார். "கடைங்கள தொறந்தாலும் தொறந்தானுங்க, அம்மாகூட காலங்காத்தால ஆடிகினே வருது பாரு!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாசலுக்கு வெளியே தார் ரோடு. அங்கே சேறு கிடையாது. அவள் கதவுக் கம்பியை விட்டுவிட்டு ரோட்டில் கால் வைத்ததும் இடது பக்கமாக இரண்டடி போனாள். பிறகு நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "செருப்பு வார் லூசாயிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகியிருந்தது. களாப் புதருக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீர் ஓரமாக ஓர் ஆறுமணிக் குருவி நின்றது. மைனாவைவிடச் சிறியது. வால் இல்லை என்றே சொல்லலாம். பச்சை முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. விடியும் வேளையிலும் இருட்டும் வேளையிலும் கத்துவதால் அந்தப் பெயர். தலையை அண்ணாந்து, அலகை அகலத் திறந்து, இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். ஒன்று மேலே போகும், மற்றது வழுக்கி இறங்கும். மற்ற குருவிகளின் குரலைவிடக் கனமான குரல்.

பைனாகுலர் அவளிடம் இருந்தது. குருவி மிகவும் கிட்டே நின்றதால் எனக்கு அது தேவைப்படவில்லை. அது ஒரு தாழ்ந்த இலையின் நுனியில் தொங்கிய துளியைக் கொத்தியது. தலையை அண்ணாந்தது. அலகைத் திறந்து விழுங்கியது.

அவள் விரலை உயர்த்தினாள்.

நான் குருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், இடது கையால் பிடித்தபடி, வலது கை விரலை உயர்த்தி வைத்திருந்தாள். என் விரல் எழவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. குருவி இன்னொரு துளியைக் குடித்தது. அவள் விரலை லேசாக அசைத்தாள், மறுபடி கத்துகிறது என்பதற்கு.

சத்தமே இல்லை. தூறல்தான்.

அடையாறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. மழை மறுபடி வலுத்ததால் உள்ளே உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு டீ. என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்தாள். சில வாரங்களாகவே அப்படித்தான் உட்காருகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அந்தக் குருவி கத்திச்சா?" என்றேன்.

"கத்திச்சே. ரெண்டு தடவை."

"கத்தலை. தண்ணி குடிச்சுது."

தம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். கூரையில் மழை இரைந்தது. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஐப்பசி பொறந்ததுலேர்ந்தே. முதல்ல அந்தச் சின்னக் குருவிங்க போச்சு. மழையினாலதான்னு நெனச்சேன், சத்தியமா. மழை விட்ட அன்னிக்கும் அதுங்க சத்தம் வரல."

"அப்புறம் எப்படி விரலைத் தூக்கினே?"

"உங்க முகத்தைப் பாத்துதான். ஏதாவது கேட்டா உங்களுக்குப் புருவம் ஏறும். கையைத் தூக்க யோசிப்பீங்க, நான் அதுக்குள்ள தூக்கிடுவேன். அது முடியாதப்ப பைனாகுலர். வாயைத் தொறந்தா கத்தறதுன்னு அர்த்தம். தண்ணி குடிக்கும்னு நெனைக்கல."

டாக்டரிடம் இன்றே போகலாம் என்றேன்.

"போனா நிறுத்திடுவாரு. பொடியைக் குடுப்பாரு. நான் வாந்தி எடுப்பேன். மறுபடி இருமும், மறுபடி ரத்தம் வரும். அக்கா எப்படிப் போனான்னு நீங்க பாக்கலை. பொங்கல் வரைக்கும்தானே. காது போனா போகட்டும்."

"வேலை?"

"செவிட்டு ஆபரேட்டர்னா மெட்ராஸ்ல பாதி பேருக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. இப்பவே அப்படித்தானே திட்டறாங்க."

"எல்லாமே போயிடும்டி. நான் பேசறதுகூடக் கேக்காது."

"உங்க பேச்சுல கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தாள்.

என் மேசைக்கு வரும் செய்திகளில் இரண்டு தரப்பு இருக்கும். இரண்டையும் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். இங்கே அடுத்த தாள் இல்லை. ஊசி தொடர்ந்தால் காது போகும். ஊசி நின்றால், வயிற்றில் தங்காத பொடி, அக்காவின் அறை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. சம்மதிக்கவும் முடியவில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஆறுமணிக் குருவி எனக்கு இன்னும் கேக்குது. நேத்து சாயங்காலம்கூட நம்ம கொல்லைப்பக்கம் கேட்டுது. அது கனத்த குரல். போன்ல வர்ற குரலும் அந்த மாதிரிதான். அது கேக்கறவரைக்கும் ஊசி போட்டுக்கறேன். அது போயிடுச்சுன்னா நீங்க சொல்றபடி டாக்டர்கிட்ட வரேன்."

"பாக்காம கேக்கணும்."

"கண்ணை மூடிக்கறேன். நீங்க பின்னால நில்லுங்க. முகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் சொன்ன முந்தின நாள் மாலை எங்கள் கொல்லைப்பக்கம் எந்தக் குருவியும் கத்தவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். அவள் பொய் சொன்னாளா, இல்லை டாக்டர் சொன்ன ரீங்காரம்தான் அவள் காதுக்குள் கத்திக்கொண்டிருந்ததா என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை போக முடியவில்லை. வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொல்லியிருந்தது. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி முழங்கால் தண்ணீர். மாலையில் ஒரு பஸ் ஓடியது. அவளுக்கு அன்றைய ஊசி போடுமுன் போய்விட்டு வர வேண்டும் என்று அவள்தான் அவசரப்பட்டாள். கிளினிக் ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும்.

"புயல்னு சொல்லிகினு கீறான், நீ இன்னாடான்னா அம்மாவ வேற இட்டுகினு வந்துக்கீறியே" என்றார் காவலாளி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கதவைத் திறந்தார். "இருட்டறதுக்குள்ள வந்துடு சார். மரம் கிரம் வுயும்."

குடையை மடக்கினேன்.

களாப் புதரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்று, மரத்தில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மழை நேராகப் பெய்தது. நனைந்த ஜடையிலிருந்து தண்ணீர் அவள் இடுப்புவரை வழிந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து கொஞ்சம் பிரிந்து நின்றது.

எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டால் ஊசி, கேட்காவிட்டால் பொடி. குருவியே கத்தாமல் இருந்தால் இந்த நாள் இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திறந்த வெளிக்கு அந்தப் பக்கம் சில புள்ளிமான்கள் தலையைத் தொங்கப்போட்டு நனைந்துகொண்டிருந்தன. பூங்குருவி ஒன்று புதருக்குள் கீச்சென்று இழுத்துக் கத்திவிட்டு ஓடியது. அது மெல்லிய குரல். அதற்கு அவள் விரல் எழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எழவும் இல்லை.

பிறகு ஆறுமணிக் குருவி கத்தியது. புதருக்கு உள்ளேயிருந்து, மழையைக் கிழித்துக்கொண்டு, மேலே போய் வழுக்கி இறங்கும் அந்த இரண்டு சுரம். மிகவும் கிட்டே. பழக்கத்தில் என் புருவம் ஏறியிருக்கும். அவள் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

விரல் அசையவில்லை.

மறுபடி கத்தியது. தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. கிட்டே இருந்தது மூன்றாம் தடவை, முன்னைவிட உரக்கக் கத்தியது. அவள் மரத்தில் சாய்ந்தபடி அப்படியே நின்றாள். தலை கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது, யாரோ மெதுவாகப் பேசப்போவதைக் கேட்கத் தயாராக இருப்பதுபோல. எங்கள் வழக்கப்படி, கேட்டவர் விரலை உயர்த்த வேண்டும். நான் உயர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை.

"இன்னும் கத்தலையா?" என்றாள்.

காட்டுக்குள் நாங்கள் பேசியதே கிடையாது. அவள் கேட்டது கூப்பாடுபோல இருந்தது. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியவில்லை. மான்கள் தலை நிமிர்ந்தன. குருவி நின்றுவிட்டது.

நான் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணைத் திறந்தாள். இல்லை என்று தலையசைத்தால் போதும், இன்றைய ஊசியைப் போட்டுக்கொள்வாள், நாளை மறுபடி இங்கே வந்து நிற்போம். அது தெரிந்துதான் அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்திடுச்சு" என்றேன்.

என் உதட்டைப் பார்த்தாள். "எத்தனை தடவை?"

மூன்று விரலைக் காட்டினேன்.

"தூரத்துலயா?"

புதரைக் காட்டினேன். அவள் திரும்பி அந்தப் புதரைப் பார்த்தாள். கை நீட்டினால் தொடலாம். ஈர இலைகளைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். துடைத்ததும் மறுபடி நனைந்தது.

"சரி, வாங்க. டாக்டரைப் பாக்கலாம்" என்றாள், அதே உரத்த குரலில்.

என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தாள். நின்று, என் கக்கத்தில் இருந்த குடையைத் தட்டினாள்.

"இதை விரிங்க. எதுக்கு நனையணும்?"

காட்டின் வாசல் இன்னும் தூரத்தில் இருந்தது. விரித்தேன்.